சத்தம் நின்ற வீடு

என் கணவர் இறந்த மறு வசந்தத்தில், பிரெஞ்சு வகுப்பிலிருந்து எங்களைச் சுற்றுலா கூட்டிச் சென்றார்கள். கனடாவில், மொன்றியல் நகருக்கு வடக்கே, காட்டுப் பள்ளத்தாக்கில் மூடிக்கிடந்த நீர்மின் நிலையம். எனக்கு அழுகையும் வருவதில்லை, உறக்கமும் வருவதில்லை. கூப்பிட்டார்கள், போனேன்.

சுற்றிக் காட்டிய பெண், அங்கே வேலை செய்தவரின் மகள். அவர் சொன்னதை வகுப்புத் தோழி வதனி தமிழில் சொன்னாள்.

"சுத்தியிருக்கிற ஊருகளுக்கு இங்கயிருந்துதான் கரண்ட் போனதாம். வடக்கில பெரிய அணையள் வந்தாப்பிறகு நிப்பாட்டிப்போட்டினமாம். இவையின்ர வீடும் இங்கதானாம், மெஷின் இரைச்சலுக்கையே வளந்தவையாம். அது நிண்ட பிறகு வீட்டில ஒருத்தருக்கும் நித்திரை இல்லையாம், அக்கா."

கணவரின் குறட்டை இல்லாத வீட்டில் நானும் அப்படித்தான் விழித்துக் கிடந்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

"பிறகு நித்திரை வந்ததாமோ? கேளும்" என்றேன்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"கன காலம் வரேல்லையாம். உங்கட வீட்டில இப்ப ஆர் இல்லையெண்டு கேக்கிறா."

"மோன் மரி" என்றேன். என் கணவர் என்று பிரெஞ்சில் நானே சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வதனியின் தோளில் உறங்கிப்போனேன். மொன்றியல் வந்து எல்லோரும் இறங்கும்வரை அவள் என்னை எழுப்பவில்லை.

அழுகை அன்றும் வரவில்லை. ஆனால் என் துக்கம் சிரிப்புக்குரியது என்று அதற்குப் பிறகு நான் நினைத்ததில்லை.