வாசனை வராத மீன்

வேதநாயகி அந்த வீட்டுக்கு ஒரு பொய்யோடுதான் குடிவந்தாள். பெரிய பொய் ஒன்றுமில்லை. பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். தனி ஆளா? வெஜ்ஜா? நாற்பத்தாறு வயதில், கல்யாணம் ஆகாமல், ஒற்றைப் பெட்டியோடு வந்து நிற்கிறவள் முதல் கேள்விக்குப் பொய் சொல்ல வழியில்லை. ஆறு வீடுகளில் இரண்டுக்கும் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ஆறு வீட்டிலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. ஏழாவதாக ஜோகுபாளையத்தில் இந்த மாடிப் போர்ஷனைப் பார்க்க வந்தபோது, வீட்டுக்காரம்மா ருக்மிணியின் மகள் அம்ருதா ஹுப்ளியிலிருந்து வந்திருந்தாள். அவள்தான் பேசினாள். "வெஜ் தானே?" என்று கேட்டாள். வேதநாயகி தலையை ஆட்டிவிட்டாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லையே, தலைதானே ஆடியது என்று அப்புறம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வேதாரண்யத்தில் கடல்மீன் தின்று வளர்ந்தவளுக்கு அந்தத் தலையாட்டல் எத்தனை நாள் தாங்கும்? பதினொரு நாள் தாங்கியது.

ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. காலை ஆறரைக்கெல்லாம் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாளைக்கு அறுபது கையாவது பிடிப்பாள். கையை மடக்குங்க, மூச்சை விடுங்க, பஞ்சை அழுத்திப் பிடிங்க. இதையே தமிழில், கன்னடத்தில், இந்தியில் சொல்வாள். அறுபது பேரைத் தொட்டும் ஒருத்தர் முகம் அவளுக்கு மனசில் தங்காது. ஊசி இறங்கும்போது எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். மனுஷர்களின் காதும் பிடரியும்தான் அவளுக்குப் பழக்கம்.

பதினொன்றாம் நாள் வேலை முடிந்ததும் கால் தானாக அல்சூர் மார்க்கெட்டுக்குப் போனது. மீன் கடையில் ஒரு மங்களூர்க்காரர். என்ன மீன் இருக்கிறது என்று கேட்டால் "காணெ, காணெ" என்றார். காணோமாம். சரி, தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று திரும்பினாள். மறுநாளும் காணெ. மூன்றாம் நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ட்ரேயில் வெள்ளை வெளேரென்று கிழங்கான் அடுக்கியிருக்கிறது, இந்த ஆள் கூசாமல் காணோம் என்கிறானே. மீனைக் கையால் தொட்டுக் காட்டி, அப்புறம் இது என்ன என்று கேட்டாள். அவர் இன்னும் சத்தமாக "அதே காணெ!" என்றார். கிழங்கானுக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பேராம். கண்ணெதிரே கிடக்கிற மீனுக்குக் காணெ என்று பேர் வைத்த ஊரில் இன்னும் என்னென்ன பார்க்க வேண்டுமோ என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

அன்றிலிருந்து புதனும் ஞாயிறும் கிழங்கான். மத்தி பக்கம் போகவே மாட்டாள். மத்தி ஊரைக் கூட்டிவிடும். கிழங்கான் சாது மீன். வெள்ளைச் சதை, நடுவில் ஒரு முள், கவிச்சியும் குறைச்சல். கடையிலேயே தலையை எடுத்துச் சுத்தம் செய்து, மூன்று கவரில் சுற்றி, மேலே ஒரு கொத்தமல்லிக் கட்டை வைத்துத்தான் படியேறுவாள்.

பொரிக்கக் கூடாது. எண்ணெயில் மீன் விழுந்த வாசனை மூன்றாம் தெருவுக்குப் போகும். புளிக்குழம்பும் கூடாது. ஆகவே அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மீனை உப்பும் மஞ்சளும் எலுமிச்சையும் போட்டு இரண்டு தரம் அலசுவாள். அடிகனமான சட்டியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், சூடு ஏறும் முன்பே இஞ்சியும் கீறின பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும். தண்ணியான தேங்காய்ப்பாலை ஊற்றி, அது ஓரத்தில் லேசாக நுரை கட்டினதும் மீனை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுக்க வைப்பாள். அடுப்பைச் சிம்மில் வைத்து மூடி போட்டு, மூடி ஓரத்தில் ஈரத்துணியைச் சுற்றிவிடுவாள். கரண்டி உள்ளே போகவே கூடாது, போனால் மீன் உதிர்ந்துவிடும். நடுவில் ஒரு தரம் சட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் போதும். ஏழு நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி இருந்த சதை பால் வெள்ளையாகிவிடும். அணைத்துவிட்டுக் கெட்டிப்பால். அப்படியே மூடி வைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் நெய்யில் பெருங்காயத்தைப் பொரிப்பாள். வீடே சாம்பார் வாசனையில் மிதக்கும். இப்படி ஒரு திருட்டு மூளை தனக்கு இருக்கிறது என்று அவளுக்கே நாற்பத்தாறு வயது வரை தெரியாது.

சிக்கல் எல்லாம் ஏழரை மணிக்குத்தான். அவள் தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்கிற நேரம் பார்த்து, கீழேயிருந்து ருக்மிணி மாமி ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறி வருவாள். எழுபது தாண்டின உடம்பு, முட்டி வலி வேறு. கதவை இரண்டு தட்டு தட்டுவாள். "வேதா, ஊட்டா ஆச்சா?"

கர்நாடகத்தில் வழியில் பார்க்கிறவரெல்லாம் கேட்கிற கேள்வி அது. சாப்பிட்டாயா என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் குற்றமுள்ள காதுக்கு அது என்ன சாப்பிடுகிறாய் என்றுதான் கேட்டது. மோப்பம் பிடிக்க வருகிறாள் கிழவி என்று வேதநாயகி தட்டைக் கையால் மூடிக்கொள்வாள். வீடு போய்விட்டால் மறுபடி ஆறு வாசலில் நிற்க அவளிடம் தெம்பு இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஆச்சு மாமி, குளிக்கப் போறேன் என்பாள். ஆச்சு மாமி, தலைவலி, படுத்துட்டேன் என்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு படி இறங்கும் சத்தம் கேட்கும். மீன் இல்லாத நாளிலும் அவள் திறக்கவில்லை. இன்று திறந்தால் நாளை ஏன் திறக்கவில்லை என்று வரும்.

தினம் வந்தவள் வாரம் இரண்டு நாள் என்று ஆனாள். பிறகு வாரம் ஒரு நாள். ஒன்றரை வருஷத்தில் வருவதே நின்றுவிட்டது. தப்பித்தோம் என்று வேதநாயகி மூச்சுவிட்டாள். அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மீன் நன்றாக அமைந்த நாளில்தான் அதிகம் வலித்தது. முதல் வாய் வைத்ததும், அடடா என்று நிமிர்ந்து பார்ப்பாள். எதிரே சுவரும் காலண்டரும் இருக்கும். லேபிலிருந்து திரும்பினால் மறுநாள் காலைவரை அவள் குரலை அவளே கேட்க மாட்டாள். தனிமை பழகிவிடும் என்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். மூன்று வருஷம் ஆகியும் அவளுக்குப் பழகவில்லை.

போன மாதம் அம்ருதா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், வீட்டு விஷயமாகப் பேச வேண்டும், மத்தியானம் கீழே வாங்க என்றும் சொன்னாள். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று வேதநாயகி முடிவு கட்டினாள். அந்த வாரம் மீனே வாங்கவில்லை. சட்டியை மூன்று தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

ஞாயிறன்று கீழ்ப் போர்ஷனுக்குள் முதல் முறையாகக் கால் வைத்தாள். ஹாலில் மாமியின் கணவர், இறந்துபோன சுந்தரேசன் மாமாவின் படம். அதன் கீழே நாற்காலியில் மாமி, பக்கத்தில் அம்ருதா. உட்காருங்க என்று அம்ருதா சொல்லி முடிக்கும் முன்பே வேதநாயகிக்குப் பொறுக்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மீன் செய்தது நிஜம்தான், வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு வருஷமா, பொய் சொன்னதும் தப்புதான், வேற போக்கிடம் இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

அம்ருதா திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கு வாசனை தெரிஞ்சு நாலு வருஷம் ஆறதும்மா" என்றாள் மாமி. "அந்த கொரோனால அவர் போனார், எனக்கு மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. காபியே வெந்நீர் மாதிரி இருக்கு. ஒன் மீன் எங்க தெரியப் போறது? வெஜ்ஜுங்கறது அவர் வெச்ச சட்டம். இந்தத் தெருவுல மீன் திங்கறவாளோடதான் நாப்பது வருஷமா இருக்கேன்."

மாமி வேதநாயகியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்காகவா நீ கதவத் தொறக்கல?"

அவளால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை.

"என்னைப் பிடிக்கலையாக்கும்னு நெனச்சிண்டேன்" என்றாள் மாமி. "தனியா ஒக்காந்தா சாதம் எறங்க மாட்டேங்கறது. ருசியா சாப்படறவா யாராவது பக்கத்துல இருந்தா, பாத்துண்டே நாலு வாய் சாப்டலாமேன்னு வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

வேதநாயகி மாமியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னைக்கே மேல வாங்க மாமி, நான் உங்களுக்கு ரசம் வைக்கிறேன், சேர்ந்து சாப்பிடலாம் என்றாள். அப்போதுதான் அம்ருதா தயங்கித் தயங்கி, கூப்பிட்ட காரணத்தைச் சொன்னாள். வீட்டை பில்டரிடம் கொடுக்கிறார்கள். வேதநாயகிக்கு மூன்று மாத டைம். அம்மாவைச் சாயங்கால ரயிலுக்கே ஹுப்ளிக்குக் கூட்டிப் போகிறாள். டிக்கெட் போட்டாகிவிட்டது, சாமான் ஏற்ற ஆட்கள் பின்னால் வருவார்கள். வீடு போகிறது என்ற செய்தி வேதநாயகி காதில் விழுந்தது. அதற்காகத்தான் ஒரு வாரம் தூங்காமல் கிடந்தாள், ஆனால் இப்போது அது ஒன்றும் செய்யவில்லை. இன்று சாயங்காலமா என்று மட்டும் கேட்டாள்.

நாலரை மணிக்கு கேப் வந்தது. மாமியின் பையை வேதநாயகிதான் தூக்கி வந்து வைத்தாள். மாமியைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஊசி போட வாகான கை, நரம்பு நன்றாகத் தெரிகிறது என்று அந்த நேரத்திலும் அவள் புத்தி போனது. மாமி கண்ணாடியை இறக்கச் சொன்னாள்.

"அது எப்டி பண்ணுவ? நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. சும்மா கேக்கறேன்."

வேதநாயகி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொல்ல ஆரம்பித்தாள். மீனை எப்படி அலசுவது, எண்ணெய் எவ்வளவு, இஞ்சியை எப்போது போடுவது. மாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள். ரயிலுக்கு நேரமாச்சும்மா என்றாள் அம்ருதா. தேங்காய்ப்பால் ஊற்றுகிற வரைக்கும்தான் சொல்லியிருந்தாள், கேப் நகர்ந்துவிட்டது.

தெருமுனையில் வண்டி திரும்புகிறவரை நின்றாள். பிறகு கேட்டைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனாள். கதவை மூடியதும் அழுகை வந்தது. கீழே கேட்க யாரும் இல்லை, அதனால் அதை அவள் அடக்கவில்லை.