வாத்துக்குப் போன தவிடு

தண்டவாளத்தை ஒட்டியே நடந்துகொண்டிருந்தேன். கிள்ளான் பின்னால் போய்விட்டது. போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் வேலைக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்று காதில் விழுந்ததும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சம்பளமா முக்கியம்? கால்தான் முக்கியம்.

அன்று சாயங்காலம் இன்னொருவர் காலைப் பார்க்க வேண்டி வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் சிநேகிதன் மாணிக்கம் இருந்தான். அவன் மனைவி ராசாத்திக்கு ஏழு மாதம். கொல்லையில் வாத்துகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை!

கணுக்கால் இரண்டும் பொம்மென்று வீங்கியிருந்தன. ஆண்பிள்ளைக்கு அடையாளம் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லிவிட்டார்களாம். வீட்டில் ஒரே சந்தோஷம்.

மாணிக்கத்துக்குப் பெருமை வேறு. ஊரே மரவள்ளி தின்கிற காலத்தில், டெங்கில் கிராமம் வரை சைக்கிள் மிதித்து, கல்யாணப் பட்டுவேட்டியைக் கொடுத்து நெல் வாங்கி வந்திருந்தான். தானே உரலில் குத்துவான் — மூன்று தடவை. மல்லிகைப்பூ மாதிரி அரிசி. அது அவளுக்கு மட்டும். இவனுக்கு மரவள்ளி. தவிடு வாத்துகளுக்கு.

எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் தரை பெருக்கியிருக்கிறேன். இப்படிச் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலர் திரும்பிப் போகவில்லை... மூன்றாவது வீட்டில், ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி வைத்தியம் பார்க்கும் ட்ரெஸ்ஸர் ஒருவர் இருந்தார். ஓடிப்போய் அழைத்து வந்தேன்.

அவர் ராசாத்தியின் காலில் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, மேலே எழவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். என்ன சாப்பாடு என்று கேட்டார். மாணிக்கம் அரிசியை அள்ளிக் காட்டினான். அவரோ கொல்லையில் கொழுகொழுவென்று ஓடிய வாத்துகளைப் பார்த்தார்.

"ஏம்பா, மாசமா இருக்கிறது உன் பொண்டாட்டியா, வாத்தா?"

இது பெரிபெரி, சத்துக் குறைவால் வரும் வீக்க நோய் என்றார். இதயத்தைத் தொட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. முன்பு புழுங்கல் அரிசி கிடைத்தது, நம் ஆட்கள் தப்பித்தார்கள். வெள்ளை வெளேரென்று தீட்டினால் சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடும். இனி ஒரே குத்து. கஞ்சியைக் கொட்டக் கூடாது. பச்சைப்பயறு கிடைத்தால் விடக் கூடாது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அதுவரை தவிட்டையாவது தின்னச் சொன்னார்.

ராசாத்தி முகம் சுளித்தாள். "வாத்து திங்கிறத நான் திங்கணுமா? வளைகாப்புக்கு வர்றவங்க சிரிப்பாங்க லா."

"முதல்ல நான் திங்கறேன் தங்கச்சி. நீ சிரிச்சுக்க."

தவிட்டை லேசாக வறுத்து, வெல்லம் சேர்த்து உருட்டினேன். இரண்டு நாள் பட்டினி — நான்கு உருண்டை போனதே தெரியவில்லை. ஐந்தாவதை அவள் பிடுங்கிக்கொண்டாள்.

சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. சுகப்பிரசவம். பெண்! ஆண்பிள்ளை அடையாளம் சொன்னவர்கள்தான் முதல் ஆளாய் வந்து தூக்கிக் கொஞ்சினார்கள்.

மாணிக்கத்திடம் அன்புக்கா குறைச்சல்? மூன்று தடவை குத்திய அன்பு அது. ஆனால் வீங்கிய காலைப் பார்த்தால், ஜோசியம் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டாமா?

சரி, தவிடு நின்றுபோன வாத்துகள் என்ன செய்யும்? உருண்டை தின்ற மறுநாள் காலையே எனக்கு வேலை கிடைத்தது — ஆற்றங்கரையில் வாத்து மேய்க்கும் வேலை.

அவை கடைசிவரை எனக்கு முகம் கொடுக்கவே இல்லை.