கோமளாவைக் கேட்காத மன்னிப்பு

ஆல்வின், கணபதி என்ற ஊரில் ஒரு பம்புசெட் பட்டறையில் வெல்டர். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அங்கே அவருக்குப் பெயர். தன் மேல் திருட்டுப் பழி போட்டவனுக்கே வேலை போகாமலிருக்க முதலாளியிடம் மன்றாடியவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் மனைவி கோமளாவும் அப்போது சேர்ந்து சிரித்தவள்தான்.

ஒரே மகள் பிரீத்திகா நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஸ்கூட்டரில் வந்தவளை ஒரு காய்கறி வேன் பின்னாலிருந்து இடித்தது. ஓட்டி வந்த சாய்குமார் கண்ணயர்ந்துவிட்டான். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே பிள்ளையின் உயிர் போய்விட்டது.

ஜாமீனில் வந்த சாய்குமார் ஒரு நாள் வாசலில் வந்து நின்றான். உறவுக்காரர்கள் இருந்திருந்தால் அடிதடி ஆகியிருக்கும். காலில் விழப் போனவனை ஆல்வின் பிடித்து உட்கார வைத்தார். அவன் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்க மேல எனக்குப் பகை இல்லீங்க தம்பி. இயேசப்பா என்னைய மன்னிச்சிருக்கறாரு. நானும் உங்கள மன்னிச்சுட்டேன்."



சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கோமளா, அவன் போன பிறகு வெளியே வந்தாள்.

"அவளப் பெத்தவ நானுங்க. மன்னிக்கறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"



வேன்காரனிடம் ஏதோ வாங்கிக்கொண்டார் என்று சொந்தபந்தம் பேசியது. ஆல்வின் வேண்டாம் என்று சொல்லியும் போதகர் இந்த மன்னிப்பைப் பிரசங்கத்தில் சாட்சியாகச் சொன்னார். சபையே திரும்பிப் பார்த்தது. கோமளா எழுந்து வெளியே போனாள். பிறகு கோயிலுக்கு வரவேயில்லை. அந்த மாதமே உடுமலையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆல்வின் உடுமலைக்கு பஸ் ஏறுவார். அவள் சோறு போடுவாள்; பேச மாட்டாள். போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டு முடித்தும் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"தினமும் எந்திரிச்சா எனக்கும் அவன் மேல கோவந்தான் வருது, அம்மணி. தினமும் மறுபடியும் மன்னிக்க வேண்டியிருக்குது."

"அப்பறம் எதுக்குங்க அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அன்னிக்குச் சொல்லாம உட்டிருந்தா எப்பவுமே சொல்லியிருக்க மாட்டேன்."



"என்னால முடியாதுங்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தார். பொள்ளாச்சி தாண்டியும் ஒரு வார்த்தை வரவில்லை.