முன் பிரேக்கில் ஊற்றிய எண்ணெய்

என் ஸ்கூட்டரின் முன் பிரேக் கீச்சிட ஆரம்பித்தது ஐப்பசி மழைக்குப் பிறகுதான். பிரேக்கைப் பிடித்தால் போதும், தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆமத்தூரிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு நானும் என் ஓரகத்தியும் ஆளுக்கொரு வண்டியில் போவோம். அவள் என் கொழுந்தனின் மனைவி. பக்கத்து வீடு. இரண்டும் ஒரே மாதிரி வண்டி, பழையதாக வாங்கியவை. ஆனால் அவள் வண்டியில் சத்தமே வராது. கம்பெனி கேட்டில் அவள் வந்து நிற்பது யாருக்கும் தெரியாது. நான் வந்தால் பேக்கிங் ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். வாட்ச்மேன் ஒருநாள், நீங்க வர்றதுக்கு ஹாரனே தேவையில்லை என்று சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கீழே பார்த்தேன். கொழுந்தன் வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அவள் வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆலங்குளத்தில் வேலை, வாரத்தில் ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். அந்த ஒருநாளையும் பெண்டாட்டி வண்டிக்குக் கொடுக்கிறார். என் வீட்டுக்காரரோ சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் சீசன் என்று ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டார். பிழியாத துணியைக் கொடியில் போட்டுவிட்டு, ஈரம் காலில் சொட்டச் சொட்ட அங்கேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் ஆரம்பித்துவிட்டேன். உங்கள் தம்பியைப் பாருங்கள், உங்களுக்கு என் வண்டி கண்ணுக்குத் தெரிகிறதா என்றேன். அவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. மெக்கானிக்கிடம் விடு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. எனக்கு வேண்டியது மெக்கானிக் இல்லை, வாசலில் யாராவது எனக்காகக் குத்துக்கால் போட்டு உட்காருவது.

மறுநாள் காலையில் நானே தையல் மெஷினுக்கு ஊற்றுகிற எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். சக்கரத்தின் நடுவில் டிரம்முக்கும் மூடித் தட்டுக்கும் இடையில் ஒரு சின்ன இடுக்கு இருந்தது. அதில் குப்பியின் மூக்கை வைத்து அமுக்கினேன். பாதிக் குப்பி உள்ளே போயிற்று. தெருவில் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் அடியோடு நின்றுவிட்டது. ஓரகத்தி வாசல் வழியாக இரண்டு தடவை போய் வந்தேன், அவள் கேட்கட்டும் என்று. கேட்க ஒன்றும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கம்பெனிக்குப் போகிற வழியில் அட்டைப்பெட்டி லோடு ஏற்றிய வேன் ஒன்று எனக்கு முன்னால் சட்டென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வண்டியை ஒடித்ததில் ரோட்டோரம் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தேன். முழங்கை கிழிந்தது, வேறொன்றும் இல்லை. பின்னால் வந்த ஓரகத்தி வண்டியை நிறுத்தி ஓடிவந்தாள். முள்ளுக்குள் கிடக்கும்போதுகூட, எவ்வளவு சத்தமில்லாமல் நிறுத்துகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்து முள்ளை எடுத்தாள். பிறகு சக்கரத்தடியில் கையை வைத்து, விரலை மோந்து பார்த்தாள்.

"எண்ணெய ஊத்துனீகளாக்கா?"

பாதிக் குப்பி என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வண்டியை உருட்டிக்கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தினோம். அவளே ஸ்பேனரை எடுத்து வந்து, கேபிளைக் கழற்றி, நட்டைத் திருகி, சக்கரத்தை வெளியே எடுத்தாள். தட்டில் பிறைபோல இரண்டு பிரேக் ஷூ இருந்தன. எண்ணெயில் ஊறிப்போயிருந்தன. எண்ணெய் குடித்த ஷூ இனிப் பிடிக்காது, புதுசு போடணும் என்றாள். டிரம்மைத் துடைத்து உப்புத்தாளால் தேய்த்தாள். ஷூவை விரிக்கிற கட்டையிலும், ஷூ மாட்டுகிற ஊசியிலும் மட்டும் விரல் நுனியில் தொட்டுக் கொஞ்சம் கிரீஸ் தடவினாள். ஷூ டிரம்மில் உரசுகிற பக்கம் ஒரு துளிகூடப் படக்கூடாது என்றாள். தடவியதில் மிச்சத்தையும் துணியால் வழித்தெடுத்தாள்.

கொழுந்தன்தான் இதெல்லாம் செய்வார் என்று நினைத்திருந்தேன் என்றேன்.

"அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. சக்கரத்தப் பிடிக்க மட்டும் கூப்பிடுவேன். சூலக்கரையில ஒரு மெக்கானிக் என் வண்டியப் பாத்தப்ப, பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டேன்."

இத்தனை நாள் நான் பொறாமைப்பட்டது இல்லாத ஒரு புருஷனைப் பார்த்து. வீட்டுக்காரரை வீணாகத் திட்டியிருக்கிறேன். ஆனால் பொறாமை குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். கிரீஸ் ஒட்டிய அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்க இன்னும் கூடியது. புருஷன் செய்திருந்தால் அவள் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பேன். இதில் நான் யாரைக் குறைசொல்ல முடியும்?

மறுநாள் புது ஷூ வாங்கி வந்தேன். மாட்டும்போது அவள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். ஸ்பிரிங் இரண்டு தடவை தெறித்து ஓடியது. மூன்றாவது தடவை உட்கார்ந்தது. அன்று வீட்டுக்காரர் வந்ததும் தோசை ஊற்றிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். எதைச் சொன்னாய் என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை.

பத்து நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் ஷெட்டுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். தன் வண்டியும் கீச்சிடுகிறது, உன் வண்டிச் சத்தத்தை நிறுத்தினாளே உன் ஓரகத்தி, ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாளா, கேட்டுச் சொல் என்றாள். ஓரகத்தி கையலம்பப் போயிருந்தாள்.

"அவளுக்கு ஞாயித்துக்கெழமை நேரமிருக்காது" என்றேன். "எங்கிட்டக் கொண்டா, நான் பாக்கேன்."