ராக்கெட் கிளம்பி மூன்றாம் நாள்

திருக்கோகர்ணத்தில் நான் நடத்துவது வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குத்துவிளக்கு, நாற்காலி, சாமியானா என்று விசேஷத்துக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தேதியில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று என் கடை நோட்டைப் பார்த்தால் தெரியும். தேதியை மாற்றச் சொல்லி யாராவது வந்து நின்றால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஒருத்தருக்குச் சொன்ன அண்டாவை இன்னொருத்தருக்கு எப்படிக் கொடுப்பது? அப்படிப்பட்ட என் வீட்டு விசேஷத்துக்கே இரண்டு தடவை தேதி மாறி, கடைசியில் தேதியே இல்லாமல் போனது. எல்லாம் ராக்கெட்டால் வந்தது.

என் மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவோம். என் மனைவிக்குக் கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. அவனுக்கு ஆந்திரக் கரையில் உள்ள ஏவுதளம் ஒன்றில் ஒப்பந்த வேலை. ராக்கெட்டுக்கு எரிபொருள் போகிற குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "நான் பைப்பு பாக்குற ஆளுதான் மச்சான்" என்பான் அவன். நான்தான் கடைக்கு வருகிறவர்களிடம், "என் மச்சினன் ராக்கெட் விடுறான்" என்று அளந்துகொண்டிருந்தேன். அந்த வாய்க்கொழுப்புக்குப் பின்னால் நன்றாக அனுபவித்தேன்.

ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவது வழக்கம். மகளுக்கு மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது. அதை விட்டால் ஐந்து வரை காத்திருக்க வேண்டும். வேறு யாராவது ஒன்றுவிட்ட மாமனை உட்கார வைக்கலாமே என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. பொறந்த வீடுன்னு எனக்கு இருக்குறது அவன் மடி ஒண்ணுதாங்க. அவன் இல்லன்னா எம்புள்ளைக்குக் காதே குத்த வேணாம்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ராக்கெட் கிளம்பினால்தான் மச்சினனுக்கு லீவு. வரப்போகிற ராக்கெட்டுகளின் பட்டியலை அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மனைவி அதை ஒரு தாளில் எழுதி, தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். புயலையும் மழையையும் கவனிக்கிற செயற்கைக்கோளுக்கு ஒரு ராக்கெட், செல்போன் பேச்சுக்கான செயற்கைக்கோளுக்கு ஒன்று, மனிதர்களை ஏற்றுவதற்கு முன்னால் ஆளில்லாமல் அனுப்பிப் பார்ப்பது ஒன்று. நடுவே ஒரு சின்ன ராக்கெட்டும் இருந்தது. அது பூமியைச் சுற்றப் போவதில்லை. நேராக மேலே போய், வானத்தை அளந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்துவிடுமாம்.

மழை ராக்கெட் கிளம்பிப் பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஜோசியர் குறித்துக் கொடுத்தார். பத்திரிகை அடித்தோம். கிடா வாங்கிக் குளத்தூரில் பெரியப்பா வீட்டில் கட்டினோம். ராக்கெட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது.

"அக்கா, தள்ளிப் போச்சுக்கா. ஒரு வால்வுல கசிவு."

"எவன்டா அதைக் கண்டுபிடிச்சது?" என்று நான் போனைப் பிடுங்கிக் கேட்டேன்.

"நாந்தான் மச்சான்" என்றான்.

அவனைப் பாராட்டுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போன ராக்கெட், காதுகுத்து நாளைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. பத்திரிகைகளில் தேதியைப் பேனாவால் அடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது தடவை கவனமாக இருந்தோம். பட்டியலை நானே முன்னால் வைத்துக்கொண்டு, பெரிய ராக்கெட் எதுவும் இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் அந்தச் சின்ன ராக்கெட் இருந்தது. மேலே போன சூட்டோடு கீழே விழுந்துவிடுகிற ராக்கெட்டையெல்லாம் ஒரு கணக்கா என்று நினைத்து விட்டுவிட்டேன். ஜோசியரும் தலையாட்டினார். ஊரெல்லாம் சொன்ன பிறகுதான் மச்சினனிடம் சொன்னோம்.

"என்ன மச்சான் இப்படிப் பண்ணிட்டீங்க? சின்னதோ பெருசோ, அது கெளம்புற வரைக்கும் நாங்க கேட்டைத் தாண்ட முடியாது."

"விழப்போற ராக்கெட்டுக்குக் கூடவாடா லீவு கெடயாது?"

"விழுகுறதும் வேலைதான் மச்சான்" என்றான்.

தப்பு என்னுடையது என்று மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அண்டா வேண்டும் என்று வந்தவர்களிடம் தேதி கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியில் மனைவியே ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் தேதி கிடையாது. அடுத்த ராக்கெட் எப்போது கிளம்புகிறதோ, அதிலிருந்து மூன்றாம் நாள் காதுகுத்து. சமையல்காரர், காது குத்துகிற ஆசாரி, கோயில் பூசாரி, சொந்தபந்தம் எல்லோருக்கும் அப்படியே சொன்னோம். ஜோசியர் மட்டும் முணுமுணுத்தார். "சரிப்பா, எந்த நாளுன்னு ராக்கெட்காரங்க பாத்துக்கட்டும். நேரத்தை நான் பாத்துக்கிறேன்" என்று இறங்கி வந்தார்.

அந்த ராக்கெட்டும் லேசில் கிளம்பவில்லை. ஒரு தடவை காற்று சரியில்லை, இன்னொரு தடவை மழை. ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் மச்சினன் குரல் கேட்கும்: "தள்ளிப் போச்சுக்கா." குளத்தூரிலிருந்து பெரியப்பா கூப்பிடுவார். "ஏம்ப்பா, ஒன் மச்சினன் ராக்கெட்டு எப்பப்பா கெளம்புது? கெடாவுக்குத் தீனி போட்டு மாளல." காத்திருந்த எல்லோரையும்விட அந்தக் கிடாதான் சந்தோஷமாக இருந்தது.

இதற்கிடையில் மகள் எண்ணக் கற்றுக்கொண்டாள். மாமன் அனுப்புகிற ராக்கெட் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றதால் தலைகீழாகத்தான் எண்ணுவாள். "ஒண்ணு ரெண்டு சொல்லச் சொன்னா பத்துலேர்ந்து எறங்கி வாரா சார்" என்று அங்கன்வாடி டீச்சர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் ஒருவழியாக அது கிளம்பியது. கடையில் நாற்காலிகளைப் போட்டு, தெருவே என் செல்போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தது. நெருப்பைக் கக்கிக்கொண்டு அது எழும்பியதும் என் உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த நெருப்புக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை பார்த்த குழாய் வழியாகத்தானே எரிபொருள் போனது என்று பெருமையாக இருந்தது. உடனே பெரியப்பாவின் போன் குறுக்கே வந்தது. "கெளம்பிருச்சுல்ல? எல்லாருக்கும் சொல்லிரவா?"

"பொறுங்க பெரியப்பா, செயற்கைக்கோள் இன்னும் பிரியல" என்று கத்தினேன். பிரிந்தது. மனைவி தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

மூன்றாம் நாள் குளத்தூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் சொந்தபந்தம் முழுக்கக் கூடிவிட்டது. மச்சினன் சீர்த்தட்டோடு வந்து இறங்கினான். புது வேட்டி, சவரம் செய்த முகம். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளைப் பார்த்துக் கையை நீட்டினான். அவள் வீல் என்று கத்திக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இவங்க வேணாம். போன் மாமாதான் வேணும்."

விவரம் தெரிந்த பிறகு அவள் அவனைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். அந்த மாமன் ஒரு சாண் உயரம், தலையில் ஹெல்மெட் போட்டிருப்பான். இந்த ஆறடி ஆள் யாரோ? பொம்மை, பழம், சீர்த்தட்டு வளையல், ஒன்றும் எடுபடவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஜோசியர் இருமினார். வேறு மாமன் யாராவது உட்காரட்டும் என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சினன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். அவளைப் பார்க்காமல் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்து, "பத்து" என்றான்.

என் தோளில் புதைந்திருந்த தலை நிமிர்ந்தது.

"ஒம்போது" என்றாள்.

"எட்டு" என்றான் அவன். ஏழுக்கு அவள் என் இடுப்பிலிருந்து இறங்கினாள். நாலுக்குப் பாய்க்கு வந்துவிட்டாள். பூஜ்யம் என்று கத்தியபோது அவன் மடியில் இருந்தாள். கூட்டம் கைதட்டியது. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆசாரி சந்தனத்தால் பொட்டு வைத்து, தங்கக் கம்பியைக் கையில் எடுத்தார். மறுபடி எண்ணினார்கள். இந்தத் தடவை பெரியப்பா உட்பட மொத்தச் சனமும் சேர்ந்துகொண்டது. பூஜ்யத்தில் வலது காது முடிந்தது. கோயில் அதிர அழுதாள். அழுகை அடங்கியதும் இடது காதுக்கு எண்ணத் தொடங்கினோம். மூன்று என்னும்போது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"தள்ளிப் போச்சு! தள்ளிப் போச்சு!"

ஆசாரி கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. "சரிதான். தள்ளிப் போச்சுன்னு சொல்லிட்டா யாரும் விடக் கூடாது" என்று அவளை அணைத்துக்கொண்டான்.

அரை மணி நேரம் தள்ளிப் போனது. நல்ல நேரம் முடிந்தது, பந்தியில் இலை போட்டுச் சனம் காத்திருந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. மனைவி தம்பிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அவன் தோளில் சாய்ந்துகொண்டு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். மகள் ஒரு காதில் தங்கக் கம்பியோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் அவன் மடியைவிட்டு அவள் இறங்கவே இல்லை.