உளவாளிப் படத்துக்குத் துணைக்குப் போனவள்

எங்கள் பக்கம் கல்யாணமான புதிதில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சினிமாவுக்குத் தனியாக அனுப்ப மாட்டார்கள். பெண்ணின் தம்பியோ தங்கையோ துணைக்குப் போக வேண்டும். தாலி கட்டிய புருஷனோடு போகிறவளுக்கு எதற்குத் துணை என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. ஆனால் அந்த வழக்கத்தின் புண்ணியத்தில்தான் பதிமூன்று வயதில் நான் அக்காவோடும் அவளுடைய புதுப் புருஷனோடும் சிங்காநல்லூரில் டவுன் பஸ் ஏறினேன்.

அவர்கள் பார்க்க நினைத்தது ஒரு காதல் படம். டிக்கெட் கிடைக்கவில்லை. பக்கத்துத் தியேட்டரில் தமிழில் டப் செய்த ஒரு வெளிநாட்டு உளவாளிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரிப் படத்தொடர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருத்தன் ஊர் ஊராகப் போய் உலகத்தைக் காப்பாற்றுவான். நடிகருக்கு வயதாகிவிட்டால் அவரை அனுப்பிவிட்டு அதே பெயரையும் அதே வேலையையும் புது ஆளிடம் கொடுப்பார்கள். "வந்ததுக்கு இதையாச்சும் பாத்துப்போட்டுப் போலாங்க" என்றார் மாப்பிள்ளை. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வந்த அக்கா, முதல் சண்டை முடிவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் அவரும் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் அந்த உளவாளிக்கு எங்கள் ஊர்த் தமிழில் குரல் கொடுத்தார். "ஏனுங்க, வெடிகுண்ட எங்கீங்க வெச்சுப்போட்டீங்க? நேரமாச்சுங்க, சொன்னீங்கன்னா நல்லாருக்குமுங்க." வில்லனும் மரியாதை தெரிந்தவன். "சொல்றேனுங்க, மொதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க." நான் சிரித்த சிரிப்பில் பஸ் கம்பியில் மண்டையை இடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் எனக்கு மாமா ஆனார். அக்காவுக்குத் தாலி கட்டியது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு அந்தத் தொடரில் எந்தப் படம் வந்தாலும் முதல் ஞாயிறு, மதியக் காட்சி, அதே தியேட்டர். மாமாவுக்குப் போத்தனூரில் ரயில்வே வேலை. அந்த ஒரு ஞாயிற்றுக்கு மட்டும் யாரிடமாவது கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். துணைக்கு ஆள் மாறிவிட்டது. இப்போது துணை அக்கா. எங்கள் நடுவில் உட்கார்ந்து, படம் ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் தலைக்கு மேலே நாங்கள் கிசுகிசுத்துக்கொள்வோம். படம் விட்டதும் தள்ளுவண்டியில் ஆளுக்கொரு தட்டு சூடான மசாலாக் காளான் வாங்கிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றபடியே சண்டை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த கார் எப்படி ஓடும் என்பார் அவர். படத்துக்கு வந்தால் படத்தைப் பார்க்க வேண்டும், சஸ்பென்ஷனைப் பார்க்கக் கூடாது என்பேன் நான்.

நான் காலேஜில் சேர்ந்த சமயத்தில், நான் பார்க்க ஆரம்பித்த பிறகு முதல்முறையாக, நடிகரை மாற்றினார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. புது ஆளின் காது பெரிதாக இருக்கிறது, நடையில் திமிர் இல்லை என்று ஒரு வாரம் புலம்பினேன். மாமா காளானை ஊதிக்கொண்டே, "ஏங்கண்ணு, பழைய ஆளு ரிட்டையர் ஆயிட்டாருன்னு ஆபீச மூடீருவாங்களா?" என்றார். இரண்டாவது படத்தில் அந்தப் பெரிய காதுக்காரர் எனக்கும் பழகிவிட்டார். பத்து வருஷம் அவரோடுதான் ஓடியது.

அவர் நடித்த கடைசிப் படம் வந்த வருஷம், அக்கா இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு போத்தனூரிலிருந்து வந்துவிட்டாள். இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. அடித்தாரா என்று அம்மா கேட்டாள். இல்லை. குடிக்கிறாரா? இல்லை. வேறு பெண்ணா? அதுவும் இல்லை. "அப்புறம் என்ன கேடு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். கோர்ட்டில் இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையாட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், நான் யார்? மாமா செத்துப்போயிருந்தால் மூன்று நாள் வாய்விட்டு அழுதிருப்பேன், நாலு பேர் தோளைத் தட்டியிருப்பார்கள். அரைமணி நேரத் தூரத்தில் உயிரோடு இருக்கிற மனிதருக்காக ஒரு கொழுந்தியா எப்படி அழுவாள்? போன் செய்யலாம். ஆனால் கல்யாணம் ஆகாத கொழுந்தியா, அக்காவை விட்டுப் பிரிந்த மாமாவோடு போனில் பேசினால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவரும் அதை நினைத்துத்தான் கூப்பிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய நம்பர் என் போனில் 'மாமா' என்ற பெயரில் அப்படியே இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாள். சூலூரில் தறி ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், பெரிய மீசைக்காரர். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவரை நான் மாமா என்று கூப்பிடவே இல்லை. "ஏனுங்க" என்பேன், "இங்க பாருங்க" என்பேன், ஒன்றும் இல்லாவிட்டால் தொண்டையைக் கனைப்பேன். இரண்டு வருஷம் ஒருத்தரை எந்த முறையும் வைக்காமல் கூப்பிடுவது லேசுப்பட்ட வேலையில்லை. நான் சமாளித்துவிட்டேன். அம்மா திட்டினாள். அவர் மட்டும் கவனிக்காததுபோலவே இருந்தார்.

அக்கா கவனித்திருக்கிறாள். ஒரு நாள் அவள் வீட்டுச் சமையலறையில் அரிசிம்பருப்பு சாதத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நான் வாய் தவறி, "மாமா மாதிரி இவருக்குச் சிரிக்கச் சிரிக்கப் பேசத் தெரியாது" என்றுவிட்டேன். எந்த மாமா என்று அவள் கேட்கவில்லை.

"அந்தப் பேச்செல்லாம் பஸ்ஸோட முடிஞ்சுபோயிருங் கண்ணு" என்றாள். "ஊட்டுக்குள்ள வந்து செருப்பக் கழட்டுனா வாயையும் சேத்துக் கழட்டி வெச்சுருவாரு. ஒரு வாரம், பத்து நாளு, ஒரு வார்த்த இருக்காது. நாஞ் செஞ்ச சோறு உப்பா சப்பான்னுகூட எனக்குத் தெரியாது. கோவமான்னு கேட்டா இல்லம்பாரு. மறுக்காவும் அதே மாதிரி. நீ வந்தாத்தான் அவரு கொரலே எனக்குக் கேக்கும். சினிமாவுல நான் ஒரு நாளும் தூங்கல. கண்ண மூடிட்டு நீங்க ரெண்டு பேரும் பேசறதக் கேட்டுட்டு இருப்பேன்."

வெங்காயத்தால் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அதனால் யாரும் யாரையும் தேற்ற வேண்டியிருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்குக் கிடைக்காததையெல்லாம் நான் பஸ்ஸிலேயே தின்று தீர்த்திருக்கிறேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் எனக்கு மாமாவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் கொஞ்சமும் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

இந்த வருஷம் அந்தத் தொடரைப் புது நடிகரை வைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். எட்டு வருஷமாகப் படமே இல்லாமல், இனி வரவே வராது என்று எல்லோரும் கைகழுவிய பிறகு. நான் வேலை செய்கிற ஸ்கேன் சென்டரில், ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் டிரெய்லரை மூன்று முறை பார்த்தேன். சின்னப் பையன் மாதிரி இருந்தார். கோட்டு தோளில் நிற்கவில்லை. இணையத்தில் ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அவ்வளவும் நியாயமாகப் பட்டது. போனை எடுத்து 'மாமா, டிரெய்லர் பாத்தீங்களா' என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். அடுத்த நோயாளி வந்துவிட்டார்.

அந்த வாரமே சூலூரிலிருந்து போன். "அம்மணிக்கு இந்தப் படம்னா உசுருன்னு உங்கக்கா சொன்னாளுங்க. மூணு பேரும் ஒருக்கா போயிட்டு வந்துரலாங்களா?" என்றார் மீசைக்காரர். சரிங்க, டிக்கெட் நான் போடுகிறேன் என்றேன். போட்டது முதல் ஞாயிறு, மதியக் காட்சி, அதே தியேட்டர். சூலூருக்குப் பக்கத்திலேயே நல்ல தியேட்டர் இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

அந்தத் தியேட்டர் இப்போது மூன்றாகப் பிரிந்துவிட்டது. சீட்டெல்லாம் சாய்கிறது. நான் உள்ளே நுழைந்ததிலிருந்து வரிசை வரிசையாகத் தலைகளைத்தான் பார்த்தேன். முன்வழுக்கை எங்கே தெரிந்தாலும் எட்டிப் பார்த்தேன். மாமாவுக்கு இப்போது வழுக்கை விழுந்திருக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது.

மீசைக்காரர் நடுவில் உட்கார்ந்தார். தறிச் சத்தத்தில் அவருக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காது பாதி. அதனால் அக்கா அவருக்கு வலது பக்கம், நான் இடது பக்கம். படம் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில், "என்னங்க சொல்றான்?" என்று தியேட்டருக்கே கேட்கும்படி கேட்டார். அக்கா சாய்ந்து அவர் காதோடு சொன்னாள். அப்படிச் சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. யார் நல்லவன், யார் கெட்டவன், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவர் "அட", "பாவத்த", "அப்புறமுங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் அக்கா இவ்வளவு பேசுவாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். திரை வெளிச்சத்தில் அவள் முகம் அழகாக இருந்தது.

புது நடிகர் மோசமாக நடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போயிருந்தேன். படுபாவி, நன்றாகத்தான் நடித்தான். ஓடும்போது மூச்சு வாங்கியது, அடி விழும்போது உண்மையாகவே வலித்தது. பாதிப் படத்துக்குள் அவனுக்காக நான் பயப்பட ஆரம்பித்திருந்தேன். இதை மாமாவிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அது தோன்றியதும்தான் அழுகை வந்தது.

இடைவேளையில் பாப்கார்ன் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். பாப்கார்ன் வரிசை, டீ வரிசை, மற்ற இரண்டு திரைகளின் வாசல், வண்டி நிறுத்துமிடம்வரை ஒரு சுற்று. அவர் இல்லை. ஷிப்ட் கிடைக்காமல் இருந்திருக்கலாம். இந்தப் படங்களே பிடிக்காமல் போயிருக்கலாம். நாங்கள் வருவோம் என்று நினைத்தே வராமல் இருந்திருக்கலாம். அந்தக் கடைசி நினைப்பு சுருக்கென்று தைத்தது.

வெறுங்கையோடு திரும்பினேன். கழிப்பறைக்குப் போகும் வழியில் சுவரோரமாக அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"வந்திருக்காரா?" என்றாள்.

யார் என்று கேட்டு நடிக்கலாம். முடியவில்லை. "இல்லக்கா" என்றேன்.

"வந்திருந்தா ஒரு வார்த்த பேசிட்டு வந்திருப்ப" என்றாள். கோபமில்லை. "உள்ள வந்ததுல இருந்து நானுந்தான் பாத்துட்டு இருக்கேன்."

அவள் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டு, "நீ போ, அவரு ஒண்டியா உக்காந்திருப்பாரு. நான் மூஞ்சி கழுவிட்டு வாரேன்" என்றாள்.

நான் உள்ளே போனபோது விளக்கு அணைந்திருந்தது. திரையில் ஒரு துறைமுகத்தில் நின்று அந்தப் புது ஆளிடம் ஒருத்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மீசைக்காரர் வலது பக்கம் காலியாக இருந்த சீட்டையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா எங்கீங்க அம்மணி? இவ என்னங்க சொல்றா?" என்றார். சொன்னேன். இடது காது, கேட்கவில்லை. சங்கடத்தோடு சிரித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல், யாரையும் தொந்தரவு செய்யாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

எழுந்தேன். அவர் முழங்காலைத் தாண்டி அக்காவின் சீட்டில் உட்கார்ந்து, வலது காதுப் பக்கம் குனிந்தேன்.

"மாமா, அந்தப் பொம்பள இவன ஏமாத்தப்போறாளுங்க. இவனுக்கும் அது தெரியுமுங்க. தெரிஞ்சேதான் கூடப் போறான்."

"அடப் பாவமே" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்புறமுங்க?"

அக்கா திரும்பி வந்து, நாங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு நான் விட்டுவந்த சீட்டில் உட்கார்ந்தாள். இடம் மாற எழுந்தேன். வேண்டாம், நீயே சொல்லு என்று கையைக் காட்டினாள். சொன்னேன். போத்தனூர்க்காரருக்குச் சொல்லவென்று எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் சூலூர்க்காரர் காதில் சொன்னேன். படம் முடியும்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.