பத்துப் பாட்டும் கேட்க ஓர் இடம்

மரியநேசன் முல்லைத்தீவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். வயது ஐம்பத்தாறு. பெட்டிகளைக் கட்டி முடித்ததும் சத்தம் சரி பார்க்க எப்போதும் ஒரே பாட்டைத்தான் போடுவார். கண்ணிவெடி அகற்ற வந்திருந்த அமெரிக்கர் ஒருவர் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டின் முதல் பாட்டு அது. ஐம்பது வருடத்துக்கு முந்திய தட்டு. அமெரிக்காவிலேயே அதிகம் பேர் கேட்டதில்லையாம். கித்தாரோடு ஓர் ஆண்குரல், பிறகு ஒரு பெண்குரல், கடைசியாகத்தான் டிரம். பெட்டியில் சிறு கரகரப்பு இருந்தாலும் அந்தப் பாட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

டிரம் வருவதற்குள் யாராவது நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். துணுக்காயில் ஒரு கோயிலில் அதைக் கிறிஸ்தவப் பாட்டென்று நினைத்து, "அண்ணை, உங்கட வேதப் பாட்டை நிப்பாட்டிப்போட்டு சாமிப் பாட்டைப் போடுங்கோ" என்றார்கள். மாதா கோயில் திருவிழாவில் ஃபாதருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது தொல்லையாகிவிட்டது. "இது பெண்சாதியை விட்டிட்டு ஓடுறவன்ர பாட்டெல்லோ, மரியநேசன்."

அந்தத் தட்டில் இருந்த பத்துப் பாட்டையும் தன் பெரிய பெட்டிகளில் ஒரு தடவை முழுதாகக் கேட்கவேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வீட்டில் மகள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, காதுக்குள்ள செருகிக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி ஜெயரூபினி.

"அப்ப இந்தப் பெட்டியள் என்னத்துக்கு?"

"அதைத்தான் நானும் பத்து வரியமாக் கேக்கிறன்."

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஜெனரேற்றரையும் இரண்டு பெட்டிகளையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஆளில்லாத கடற்கரையாகப் பார்த்துப் போனார். மூன்று பாட்டு நன்றாகப் போனது. நான்காவதில் முதல் மோட்டார்சைக்கிள் வந்தது.

"என்ன அண்ணை, நிவாரண வலை குடுக்கினமோ?"

"இல்லை. பாட்டுக் கேக்கிறன்."

"ஆருக்கு?"

"எனக்கு."

வந்தவன் சிரித்தான். மணலில் குந்தி யாருக்கோ போன் எடுத்தான். "ஓம், ஸ்பீக்கர் கட்டியாச்சு. இன்னும் தொடங்கேல்ல. கெதியா வா."

ஆறாவது பாட்டில் முப்பது பேர். வீட்டுத்திட்டப் பதிவு என்றார் ஒருவர். இல்லை, மண்ணெண்ணெய் என்றார் இன்னொருவர். பெண்குரல் தனியாகப் பாடத் தொடங்கிய இடத்தில், வரிசையில் யார் முன்னுக்கு என்று இரண்டு பேருக்கு வாய்த்தர்க்கம். எட்டாவதில் மரியநேசன் பொறுக்கமுடியாமல் மைக்கை எடுத்தார்.

"அறிவித்தல் ஒண்டும் இல்லை. எல்லாரும் வீட்டை போங்கோ."

"ஒத்திவைச்சிட்டினம்" என்று சனம் எழும்பியது. மோட்டார்சைக்கிள்கள் ஒவ்வொன்றாக உதைத்துக் கிளம்பி முடிவதற்குள், ஒன்பதாவதும் பத்தாவதும் அந்த இரைச்சலுக்குள் போய்விட்டன.

அருளம்மா மட்டும் போகவில்லை. கருவாடு போடுகிறவர், ஒரு மைல் நடந்து வந்திருந்தார்.

"அடுத்த கூட்டம் எப்ப, தம்பி?"

"ஞாயிற்றுக்கிழமை" என்றார் மரியநேசன், அவரை அனுப்பினால் போதுமென்று.

"ஐடென்ரிக் காட் கொப்பி கொண்டு வரவேணுமோ?"

"ஒண்டும் வேண்டாம். வாறவை கதையாமல் இருந்தாச் சரி."